கால்பந்துக் கிளப்புகளின் நிதி நெருக்கடியும் லீக் தண்டனைகளும்

கால்பந்துக் கிளப் ஒன்று வீரர்களின் சம்பளத்தையோ வரியையோ கடனையோ கட்ட முடியாமல் தடுமாறும்போது, அது ஆடும் லீக்கும் அதற்கு மேலுள்ள சம்மேளனமும் எடுக்கும் நடவடிக்கைகள் பற்றியது இக்கட்டுரை. அபராதம், புள்ளிக் குறைப்பு, புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை, தரமிறக்கம், உரிம மறுப்பு, நீக்கம் ஆகியவை உலகில் வழக்கிலுள்ள தண்டனைகள். இந்தியாவில் பெரிதும் பயன்பட்டது உரிம மறுப்பு. தமிழ்நாட்டில் இதற்கு முதன்மையான சான்று சென்னை சிட்டி கால்பந்துக் கிளப்.

அலுவலக அணிகளின் காலம்

தொழில்முறைக் கிளப்புகள் வருவதற்கு முன் தமிழ்நாட்டுக் கால்பந்தை ரயில்வேயும் வங்கிகளும் பொதுத்துறை ஆலைகளும் தாங்கின. நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, பின்னர் திருவெறும்பூரில் எழுந்த பெல் ஆலை, நகரத்துக் கல்லூரிகள் ஆகியவற்றின் மைதானங்களில்தான் திருச்சியில் இந்த ஆட்டம் வளர்ந்தது. பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை நன்றாகப் பந்து ஆடும் பையனுக்குப் பெற்றோர் கண்ட கனவு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ரயில்வே வேலை. ஆட்டக்காரர் அலுவலக ஊழியர். மாதச் சம்பளம் அலுவலகத்திலிருந்து வந்துவிடும். இத்தகைய அணி திவாலாக வழியில்லை. ஆனால் நிர்வாகம் நினைத்தால் ஒரே நாளில் அதைக் கலைத்துவிடலாம். முதல் தேசிய லீக்கை (1996-97) வென்ற பக்வாராவின் ஜேசிடி அணி 2011இல் கலைக்கப்பட்டது. மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே கலைந்தது. கடன் இல்லாமல் கடையைக் கட்டிய இவ்வணிகளைத் தண்டிக்க எந்த விதியும் இருக்கவில்லை.

தேசிய லீக்கில் தமிழ்நாட்டின் பெயரைச் சில பருவங்கள் காத்தது சென்னையின் இந்தியன் வங்கி அணி. திருச்சியின் பெயரில் ஒரு கிளப் அந்த நிலையில் ஆடியதில்லை.

கொச்சியும் 2014 உரிமத் தீர்ப்பும்

தென்னிந்தியாவில் தொழில்முறைக் கிளப்பின் முதல் பெரிய வீழ்ச்சி எஃப்சி கொச்சின். 1997இல் தொடங்கி அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்றது. கேரள அணி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் இக்கிளப்பின் தமிழ்நாட்டு முன்கள வீரர் ராமன் விஜயன். பணம் வற்ற, 2002இல் கிளப் மூடப்பட்டது.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமமுறை இந்தியாவுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. விளையாட்டு, உள்கட்டமைப்பு, நிர்வாகமும் பணியாளர்களும், சட்டம், நிதி என்ற ஐந்து தலைப்புகளில் கிளப்புகள் தணிக்கைக்கு உட்பட்டன. 2014இல் சர்ச்சில் பிரதர்ஸ், யுனைடெட் எஸ்சி, ரங்தாஜீத் யுனைடெட் ஆகிய மூன்றும் இத்தணிக்கையில் தேறாமல் அன்றைய முதல்நிலை லீக்கான ஐ-லீக்கை விட்டு வெளியேற்றப்பட்டன. இவற்றில் சர்ச்சில் அதே ஆண்டு ஜனவரியில்தான் ஃபெடரேஷன் கோப்பையை வென்றிருந்தது. தீர்ப்பு நியாயமானதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. விதியை முதன்முறையாக உறுதியுடன் நடைமுறைப்படுத்தினார்கள் என்பது ஒரு தரப்பு. எச்சரிக்கை, புள்ளிக் குறைப்பு என்ற இடைப்படிகள் எதுவும் இல்லாமல் நேரே வாசலைக் காட்டினார்கள் என்பது மறு தரப்பு. சர்ச்சில் 2016-17இல் திரும்பி வந்துவிட்டது. மற்ற இரண்டும் ஐ-லீக்கில் மீண்டும் தலையெடுக்கவில்லை.

சென்னை சிட்டி (2016–2021)

1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியதாகக் கூறப்படும் இக்கிளப், 2016-17 பருவத்தில் மினர்வா பஞ்சாபுடன் நேரடி நுழைவு பெற்று ஐ-லீக்கில் சேர்ந்தது. முதல் இரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் முடிந்தது. முதல் பருவத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கம் சொந்த மைதானம். அடுத்த பருவத்தில் கோவை நேரு விளையாட்டரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து வந்த வீரர் மைக்கேல் சூசைராஜை நாடு அறிந்தது இங்கேதான்.

2018-19இல் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிய பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ஆகியோரையும் உள்ளூர் இளைஞர்களையும் சேர்த்து ஓர் அணியை உருவாக்கினார். மான்சி மட்டும் 21 கோல். பட்டம் கடைசி நாளான 2019 மார்ச் 9 வரை இழுத்தது. கோவையில் மினர்வா பஞ்சாப் முதல் சில நிமிடங்களிலேயே கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் அடித்தவர் முன்கள வீரரல்ல. தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஒன்றல்ல, இரண்டு கோல்கள். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என வென்றும் பயனில்லை: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் தேசிய லீக்கையும் வென்றது. தமிழ்நாட்டுக் கால்பந்தின் பதிவுகளில் இதற்கு இணையான ஆண்டு வேறில்லை.

சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 2019இல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆனால் அதே ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலை லீக்காக அறிவிக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. சாம்பியனுக்கு மேலே போகும் கதவும் அப்போது திறக்கப்படவில்லை. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனார். பெருந்தொற்றால், அணி ஆடிய 2020 ஏஎஃப்சி கோப்பை பாதியில் ரத்தானது. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் பூட்டிய வளையத்துக்குள் நடந்ததால் சொந்த மைதான டிக்கெட் வருமானமும் இல்லை. அந்தப் பருவத்தில் அணி தரமிறக்கப் பிரிவில் ஆடியது. 2021இல் பாசல் கிளப்பே கைமாறியது.

உரிம நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டிக்கு இடம் மறுக்கப்பட்டது. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. வீழ்ச்சிக்குக் காரணம் முதலீடு வற்றியதா, லீக் அமைப்பு சாம்பியனுக்கு வழி விடாததா, நிர்வாகமா என்பதில் விளக்கங்கள் மாறுபடுகின்றன. மூன்றுக்கும் பங்கு உண்டு எனக் கொள்வது பொருத்தம்.

பிற நாடுகளின் முறைகள்

இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 2002இல் திவால் நடவடிக்கைக்குள் சென்று, கடனில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு, அதே பருவத்தில் மேல்நிலைக்கும் ஏறியது. கடனை ஒழுங்காகக் கட்டிய கிளப்புகள் கொதித்தன. அதன் விளைவாக 10 புள்ளிக் குறைப்பு விதி வந்தது. 2004இல் முதலில் சிக்கியது ரெக்ஸம். 2008-09இல் லூட்டன் டவுன் 30 புள்ளிகளை இழந்து லீக்கை விட்டே வெளியேறியது. தவறு செய்த நிர்வாகம் போய்விட்டது, தண்டனையை அனுபவித்தது அடுத்து வந்தவர்களும் ரசிகர்களும்தான் என்ற குறை அப்போது வலுவாக எழுந்தது. 1885இல் தோன்றிய பரி கிளப் 2019இல் நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் 2012இல் நான்காம் நிலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. ஜெர்மனி ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பே கிளப்பின் கணக்கைப் பார்த்து உரிமம் தருகிறது. விபத்துக்குப் பின் தண்டிப்பதைவிட இது மேலானது.

வீரர்களைப் பொறுத்தவரை 2018இல் ஃபிஃபா கொண்டுவந்த விதி முக்கியமானது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். பாக்கி வைக்கும் கிளப்புக்கு வீரர் பதிவுத் தடையும் உண்டு.

அண்மைக்காலம்

2021-22 இந்தியன் சூப்பர் லீக் சாம்பியனான ஹைதராபாத் எஃப்சி சம்பள பாக்கியால் பதிவுத் தடைக்கு உள்ளாகி, 2023-24இல் கடைசி இடத்தில் முடிந்தது. அந்த லீக்கில் தரமிறக்கம் இல்லாததால் லீக்கிலேயே நீடித்தது. 2025 ஆகஸ்டில், லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் குறித்த இழுபறிக்கிடையே, இருமுறை சாம்பியனான சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது.

மதிப்பீடு

இந்திய நடைமுறையின் குறை கடுமையின்மை அல்ல, படிகள் இன்மை. கிளப் மூச்சுத் திணறும்போது யாரும் கேட்பதில்லை. மூச்சு நின்ற பிறகு உரிமம் மறுக்கப்படுகிறது. அதற்குள் இளம் வீரரின் சிறந்த ஆண்டுகளில் இரண்டு போய்விடும். மாதாமாதம் சம்பளச் சான்று கேட்பதும், பருவத்துக்கு முன்பே ஒரு வருடச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்குவதும், முதல் பாக்கியிலேயே பதிவுத் தடை விதிப்பதும், அதன் பிறகே புள்ளியில் கை வைப்பதும் சரியான வரிசை. உரிமையாளர் மீது தனிப்பட்ட தடை இல்லாத எந்தத் தண்டனையும் அரைகுறையே. சென்னை சிட்டி வெளியேறிய பின் தமிழ்நாட்டைச் சேர்ந்த வேறெந்த ஆண்கள் அணியும் ஐ-லீக் பட்டம் வெல்லவில்லை.