விதைப் பெட்டியோடு வந்த ஊர்க்கதைகள்

செடி வளர்க்கிற இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் பேச்சு செடியில்தான் ஆரம்பிக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் என்று நாலு வார்த்தை. அப்புறம் பையனுக்கு வேலை அமைந்ததா, முட்டிவலி எப்படி, இந்தத் தடவை ஆட்சி மாறுமா என்று எங்கெங்கோ போய்விடும். எழுந்து வரும்போதுதான், கேட்க நினைத்த செடி விஷயத்தைக் கேட்கவே இல்லை என்று ஞாபகம் வரும். இது நம் ஊர்ப் பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருநூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய இரண்டு தோட்டக்காரர்களின் கடிதங்களைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஒருவர் பீட்டர் காலின்சன். 1694ல் பிறந்தவர், லண்டனில் ஜவுளி வியாபாரி. கணக்குப் புத்தகத்தை மூடியதும் மனசு தோட்டத்துக்குப் போய்விடும். முதலில் பெக்கம் என்ற இடத்திலும் பிறகு மில் ஹில்லிலும் தோட்டம் வைத்திருந்தார். இன்னொருவர் ஜான் பார்ட்ராம். காலின்சனுக்கு ஐந்து வயது இளையவர், பென்சில்வேனியாவில் விவசாயி. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1728ல் நிலம் வாங்கி, தன் கையாலேயே கல் வீடு கட்டிக்கொண்டவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் காட்டுக்குள் போனால் இந்த மரம் இங்கே ஏன் நிற்கிறது என்று யோசிக்கிற கண் இருந்தது.

1730களின் தொடக்கத்தில் பொதுவான ஒரு நண்பர் மூலம் இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. காலின்சன் இறக்கும்வரை ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் அது நிற்கவில்லை. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

ஏற்பாடு எளிமையானது. பார்ட்ராம் காடு மலை எல்லாம் அலைந்து மர விதைகளைச் சேகரிப்பார். சுமார் நூறு வகை விதை கொண்ட ஒரு பெட்டி ஐந்து கினி. காலின்சன் இங்கிலாந்தின் பிரபுக்களிடம் பணம் வசூலித்துப் பெட்டிகளைப் பிரித்துக் கொடுப்பார். பீட்டர் பிரபு, ரிச்மண்ட் கோமகன், நார்போக் கோமகன் எல்லாம் வாடிக்கையாளர்கள். அமெரிக்க மக்னோலியாவும் கால்மியாவும் மேப்பிளும் இங்கிலாந்துப் பூங்காக்களில் பரவியதில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கப்பல் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். நடுவில் எலி கடிக்கும், உப்புத்தண்ணீர் புகும். போர்க்காலமென்றால் எதிரிக் கப்பல் பெட்டியோடு பிடித்துக்கொண்டு போய்விடும்.

இதுவரை வியாபாரம். கடிதங்களில் எனக்குப் பிடித்தது மற்றதெல்லாம்தான்.

பார்ட்ராம் 1738ல் வர்ஜீனியா பக்கம் விதை சேகரிக்கப் போனார். அங்கே இருக்கிற பெரிய மனிதர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்த காலின்சன், கூடவே ஒரு புத்திமதியும் எழுதினார். போகும்முன் புதுத் துணி தைத்துப் போட்டுக்கொள், வர்ஜீனியாக்காரர்கள் மனிதனின் உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதைத்தான் பார்ப்பார்கள், என் மானத்தை வாங்கிவிடாதே என்கிற தோரணையில். இருவருமே குவேக்கர்கள். பகட்டு கூடாது, எவருக்கும் தொப்பியைக் கழற்றக்கூடாது, பிரபுவானாலும் 'நீ' என்றுதான் பேசவேண்டும் என்கிற மதப்பிரிவு அது. அப்படிப்பட்டவர் இப்படி எழுதுகிறார். ஜவுளிக்காரர் அல்லவா!

பார்ட்ராம் வில்லியம்ஸ்பர்க்கில் ஜான் கஸ்டிஸ் என்ற பணக்காரத் தோட்டப் பிரியரின் வீட்டுக்குப் போனார். இந்தக் கஸ்டிஸ் ஒரு தனி ரகம். மனைவியோடு ஓயாத சண்டை. தான் எழுபத்தொரு வயதுவரை இருந்தாலும் உண்மையில் வாழ்ந்தது பிரம்மச்சாரியாகத் தனிக்குடித்தனம் செய்த ஏழு வருஷம்தான் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போன மனிதர். அந்தக் கடுகடுப்புக்காரர் காலின்சனுக்கு எழுதினார்: இவ்வளவு மனம் கவரும் வேடிக்கை மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று. துணிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஒரு குல்லாய்க் கதை. காலின்சன் தன் பழைய குல்லாய் ஒன்றைப் பெட்டியில் போட்டு அன்பளிப்பாக அனுப்பினார். பார்ட்ராம், குல்லாயில் ஓட்டை இருக்கிறது என்று பதில் எழுதிவிட்டார். லண்டனிலிருந்து சூடாக வந்தது மறுகடிதம்: ஓரத்தில் ஒன்றிரண்டு சின்ன ஓட்டை இருந்தது உண்மைதான், ஆனால் உள்துணி புதிது, நீ அதை யாருக்கோ கொடுத்ததற்குப் பதில் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தால் மழை நாளில் கிராமத்தில் போட்டுக்கொள்ள இன்னும் இரண்டு மூன்று வருஷம் உழைத்திருக்கும். இதைப் படித்தபோது என் தாய்மாமன் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

காலின்சனுக்கு விதையோடு இன்னொரு வேலையும் இருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் 1731ல் பிலடெல்பியாவில் ஒரு சந்தா நூலகம் ஆரம்பித்தார்கள். அதற்கு லண்டனில் புத்தகம் வாங்கி அனுப்பும் பொறுப்பைக் காலின்சன் சம்பளமில்லாமல் பல வருஷம் பார்த்தார். மேற்கே போகிற கப்பலில் புத்தகம், கிழக்கே வருகிற கப்பலில் விதை. 1740களின் நடுவில் அவர் அந்த நூலகத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயை அனுப்பி வைத்தார். அதைத் தேய்த்தால் மின்சாரம் உண்டாகும், ஐரோப்பாவில் எல்லோரும் இதைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஒரு குறிப்பும் கூட. பிராங்க்ளின் அதைப் பிடித்துக்கொண்டார். தான் செய்த சோதனைகளை எல்லாம் இந்த ஜவுளி வியாபாரிக்கே கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் 1751ல் லண்டனில் புத்தகமாக வந்தன. மறுவருஷம் மே மாதம் பிரான்சில் அந்த யோசனைப்படி இரும்புக் கம்பத்தை நிறுத்தி, இடிமேகத்தில் இருப்பது மின்சாரமே என்று நிரூபித்தார்கள். இடிதாங்கியின் வம்சாவளியைத் தேடிப் போனால் அதில் ஒரு கிளை இந்த விதைக் கடிதக்காரரிடம் வந்து சேருகிறது.

இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த ஊர்க்கதைகள் எல்லாம் சிரிப்பாகவே இருக்கவில்லை.

பார்ட்ராமுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, 1711ல், வட கரோலினாவில் குடியேறியிருந்த அவருடைய அப்பாவைப் பூர்வகுடிகள் கொன்றுவிட்டார்கள். பையன் பென்சில்வேனியாவில் பாட்டியிடம் இருந்ததால் தப்பினான். அந்த வடு ஆறவில்லை. ஆனாலும் அதே பூர்வகுடிகளின் காடுகளில்தான் அவர் விதை பொறுக்கினார், 1743ல் தூதுக் குழு ஒன்றோடு ஒனொண்டாகாவரை போய் அவர்களின் விருந்தாளியாகத் தங்கினார். இன்னொரு பயணத்தில் எதிரே வந்த ஒருவர் கோபத்தோடு பார்ட்ராமின் தொப்பியைப் பிடுங்கி, அதைச் சுற்றிலும் பல்லால் கடித்துக் காட்டினாராம். இனி இந்தப் பக்கம் வந்தால் உன்னையும் தின்றுவிடுவோம் என்று அதற்கு அர்த்தம் என்பது பார்ட்ராமின் ஊகம். இதையும் காலின்சனுக்கு எழுதியிருக்கிறார்.

1763ல் பாண்டியாக் என்ற தலைவரின் பெயரால் அழைக்கப்படும் போர் வெடித்தது. எல்லைப்புறக் கிராமங்கள் எரிந்தன, குடியேறிகள் குடும்பம் குடும்பமாகக் கிழக்கே ஓடிவந்தார்கள். பார்ட்ராம் லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் கடுப்பு கொப்பளித்தது. இவர்களை நன்றாக அடித்துப் பணியவைப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது என்றார். போரே பாவம் என்கிற மார்க்கத்தில் பிறந்தவர் எழுதிய வார்த்தை இது. அந்த மார்க்கமும் அதற்கு முன்பே, 1758ல், வேறு காரணத்துக்காக அவரை நீக்கியிருந்தது. இயேசுவின் தெய்வத்தன்மையை ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நீக்கினாலும் அவர்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

காலின்சன் இதைப் படித்துவிட்டு, சரி, போகட்டும், விதை எப்போது வரும் என்று கேட்டிருக்கலாம். நாமெல்லாம் அப்படித்தானே செய்வோம். அவர் மறுத்து எழுதினார். முதல் தப்பு நம்முடையது, நிலத்தை ஏமாற்றிப் பறித்தோம், வியாபாரத்தில் வஞ்சித்தோம், நியாயமாக நடந்திருந்தால் இவ்வளவு ரத்தம் சிந்தியிருக்காது என்பது அவர் கட்சி.

ஏமாற்று என்றால் என்ன என்பதற்குப் பென்சில்வேனியாவிலேயே உதாரணம் இருந்தது. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து கடக்கிற தூரம்வரை நிலம் உங்களுக்கு என்று லெனாப்பே மக்களின் முன்னோர் ஒப்புக்கொண்டதாக ஒரு பழைய தாளை, மாகாணத்தின் சொந்தக்காரர்களான பென் குடும்பத்தார் 1737ல் எடுத்து நீட்டினார்கள். பிறகு காட்டுக்குள் முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமான மூன்று பேரைக் கூலிக்கு அமர்த்தி ஓடவிட்டார்கள். கிடைத்த நிலம் சுமார் 1,200 சதுர மைல். இவர்களின் தகப்பனார் வில்லியம் பென், பூர்வகுடிகளோடு நேர்மையாக ஒப்பந்தம் செய்தவர் என்று பெயர் வாங்கியவர்.

அந்த 1763 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. போரில் கலந்துகொள்ளாமல் அமைதியாக வாழ்ந்துவந்த கொனஸ்டோகா மக்கள் இருபது பேரை, பாக்ஸ்டன் பகுதியிலிருந்து வந்த வெள்ளைக்காரக் கும்பல் கொன்று போட்டது. அதில் பதினான்கு பேர் பாதுகாப்புக்காக லங்காஸ்டரில் அரசுக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கொன்றவர்களைக் கண்டித்துப் பிராங்க்ளின் ஒரு பிரசுரம் எழுதினார். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

மூவாயிரம் மைல் கடலுக்கு அப்பால் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம் என்று பார்ட்ராமுக்குத் தோன்றியிருந்தால் அவரைக் குறை சொல்லமாட்டேன். அப்பாவை இழந்தது அவர். ஆனாலும் நியாயம் காலின்சன் பக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். யாரும் யாரையும் மாற்றிவிடவில்லை. கடிதம் நிற்கவும் இல்லை. திட்டிக்கொண்ட அதே தாளில் கிழங்கும் விதையும் பேசினார்கள். 1765ல் காலின்சன் அலைந்து திரிந்து பார்ட்ராமுக்கு அரசரின் தாவரவியலாளர் என்ற பதவியையும் வருஷத்துக்கு ஐம்பது பவுண்டு சம்பளத்தையும் வாங்கிக் கொடுத்தார். அறுபத்தாறு வயதில் வந்த சர்க்கார் உத்தியோகம்!

அந்த உத்தியோகத்தில் பார்ட்ராம் புளோரிடா கிளம்பினார், மகன் வில்லியமையும் அழைத்துக்கொண்டு. இந்தப் பையனைப் பற்றிய கவலைதான் கடிதங்களில் வருஷக்கணக்கில் ஓடுகிற இன்னொரு கிளைக்கதை. படம் வரைவான், வேறு எதுவும் தேறவில்லை, என்ன செய்வது என்று அப்பா கேட்பார். காலின்சன் அந்தப் படங்களை லண்டனில் நாலு பேரிடம் காட்டுவார். வியாபாரம் வைத்துக் கொடுத்தார்கள், நொடித்தது. 1766ல் புளோரிடாவில் நெல் பயிரிடப் போனான். அப்பாவே ஆறு அடிமைகளை வாங்கிக் கொடுத்தார். மரத்தின் வேர் நோகாமல் பெயர்க்கத் தெரிந்த அந்தக் கைதான் இதையும் செய்தது. அந்தப் பண்ணையும் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

கடைசியில் அந்தப் படங்கள்தான் பிழைப்புக் கொடுத்தன. காலின்சன் காட்டிய படங்களைப் பார்த்திருந்த டாக்டர் ஜான் பாதர்கில் செலவை ஏற்க, வில்லியம் 1773லிருந்து நான்கு வருஷம் தெற்குக் காடுகளில் சுற்றினார். செமினோல் தலைவர் ஒருவர் அவருக்குப் 'பூ தேடுகிறவன்' என்ற அர்த்தத்தில் பக் பக்கி என்று பெயர் வைத்தார். 1791ல் வந்த அவருடைய பயண நூலில் பூர்வகுடிகளைப் பற்றி எழுதியிருப்பது அப்பாவின் கடிதம் போல இல்லை. அவர்களின் விருந்தோம்பலையும் நேர்மையையும் வியந்து எழுதியிருக்கிறார். காலின்சன் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அவர் 1768 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். பார்ட்ராம் 1777ல்.

புளோரிடாவுக்குப் போகிற வழியில், 1765ல், ஜார்ஜியாவின் அல்டமாஹா ஆற்றங்கரையில் அப்பாவும் மகனும் முன்பு பார்த்திராத ஒரு சிறு மரக்கூட்டத்தைக் கண்டார்கள். வில்லியம் பின்னால் திரும்பப் போய் விதை எடுத்துவந்து ஸ்கூல்கில் தோட்டத்தில் போட்டார். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். கண்ணாடிக் குழாயை வாங்கிக்கொண்ட அந்த நண்பரின் பெயரால் அதற்குப் பிராங்க்ளினியா என்று பெயரிட்டார்கள். 1803க்குப் பிறகு காட்டில் அந்த மரத்தை யாரும் பார்க்கவில்லை. இன்று எந்த ஊர்த் தோட்டத்தில் அது நின்றாலும், பார்ட்ராம் வீட்டு விதையின் வாரிசுதான்.