பெயரில் நிற்கும் கோட்டை

தருமபுரியில் கோட்டைக் கோயில் எங்கே என்றால் சிறுவரும் வழி காட்டுவர்; கோட்டை எங்கே என்றால் பெரியோரும் தயங்குவர். அதியமானின் தகடூர் எனச் சங்கப் புலவர் பாடிய ஊர் இது. நுளம்பர் கலைத்திறம் காட்டும் மல்லிகார்ச்சுனர் கோயிலும் அதன் தொங்கும் தூணும் இன்றும் உள்ளன. கோட்டையோ பெயராய் மட்டும் எஞ்சிற்று.

காரணம் எளிது. 1799-இல் மைசூர்ப் போர்கள் ஓய்ந்தபின் இப்பகுதிக் கோட்டைகளுக்குக் காவற்பணி இல்லாது போயிற்று. கோயிலுக்கோ மக்கள் நாள்தோறும் வந்தனர். பயன் உள்ளதைப் பேணுவார் உண்டு. பயனற்றதன் கல்லைப் பெயர்ப்பார் உண்டு.

1965-இல் மாவட்டத் தலைநகரான இவ்வூரின் கடைவீதிகள் இன்னும் விரியும்; விரியவும் வேண்டும். ஆனால், புதுச்சேரியைப் பாருங்கள். பிரெஞ்சியர் கட்டிய 'மேரி' நகராட்சிக் கட்டடம் 2014-இல் மழையில் இடிந்து வீழ்ந்தது. 2021-இல் அதே வடிவில் மீண்டும் திறக்கப்பட்டது. வடிவம் மீண்டது, பழஞ்சுவர் மீளவில்லை.

எனவே, நகரைப் புதுக்குவோர் பழங்கட்டடத்தைச் சுற்றி வேலியிடுவதோடு நின்றுவிடலாகாது. நூலகமாகவோ அலுவலகமாகவோ அதற்கொரு பணி தருதல் வேண்டும். ஆள் நடமாடும் வீட்டில்தானே ஒழுகும் கூரை உடனே கண்ணில் படும்? நம் பிள்ளைகளுக்குக் கட்டடத்தை விட்டுச் செல்வோமா, வெறும் பெயரையா?