புரூவ்
பெர்ல் நிரல்மொழியில் எழுதிய சோதனைகளை ஓட்டும் கட்டளைக்குப் பெயர் 'புரூவ்'. 'நிரூபி' என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் வேர்ச்சொல்லான லத்தீன் 'ப்ரோபாரே'க்குச் சோதித்துப் பார்ப்பது என்றும் பொருள் உண்டு. அச்சகத்தில் திருத்துகிறோமே 'புரூஃப்', அதுவும் இதே குடும்பம்தான். பிழையில்லை என்ற சான்றிதழ் அல்ல அது, பிழை தேடுவதற்கென்றே எடுத்த தாள். அதற்கு 'மெய்ப்பு' என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் நிரூபணத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டார்கள் என்பேன்.

கட்டளை செய்யும் வேலையும் பழைய பொருளுக்கே பொருந்துகிறது. சோதனைக் கோப்பு வழக்கமாக '1..10' என்று தன் எண்ணிக்கையை முதலில் அறிவிக்கும். பிறகு வரிக்கு ஒன்றாக 'ஓகே', 'நாட் ஓகே' என்று எழுதிக்கொண்டே போகும். 1987-இல் வந்த முதல் பெர்லிலேயே தொடங்கிய வழக்கம் இது. புரூவ் அந்த வரிகளைத் திரட்டி, தேறாதவற்றை எண்ணோடு காட்டும். பத்து என்று சொல்லிவிட்டு எட்டோடு நின்றால், அந்த எட்டும் தேறியிருந்தாலும் கோப்பு தோற்றதாகவே கணக்கு. நடுவழியில் சத்தமில்லாமல் நின்றுபோன நிரல் அங்கேதான் அகப்படுகிறது.