உடையவன் கைப்பட்ட படகு

கடலில் மீன் தேடியும் விலங்கு தேடியும் செல்கிற மனிதன் ஏறும் கலங்களுள், கயாக்கைப் போல் ஒடுங்கியதும், ஒருவனுக்கு மட்டுமே இடந்தருவதும், அந்த ஒருவனுடைய தேக அளவையும் தொழிலையும் அனுசரித்து ஓயாமல் திருத்தப்பட்டு வந்ததுமான கலம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. இக்காலத்தில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிளாஸ்டிக் கயாக்கை விலைகொடுத்து வாங்கியவன், வாங்கிய வாரத்திலேயே அதில் துளையிட்டுத் தூண்டில் கோல் நிறுத்தக் குழாயும், முதுகுப்புறத்தில் சாமான் வைக்கப் பால் புட்டிக் கூடையும் பொருத்த முனைவதைக் கண்டு, புதுப்பொருளை இப்படிக் கெடுக்கிறானே என்று மனம் வருந்துகிறவர்கள் உண்டு. அந்தக் கலத்தின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது அறிந்தவர்களுக்கு அந்த வருத்தம் தோன்றாது. கயாக் எந்தக் காலத்திலும் செய்து முடித்துக் கைமாறிய பண்டமாக இருந்ததில்லை. அதில் ஏறுகிறவனுடைய கை பட்ட பிறகே அது வேலைக்கு உதவும் படகாயிற்று என்பதே என் அபிப்பிராயம்.

கிரீன்லாந்திலும் அதற்கு மேற்கேயுள்ள வடதுருவப் பிரதேசங்களிலும் வாழ்ந்த இனுயிட் மக்களுக்கு, மரம் என்பது தம் நிலத்தில் வளராத வஸ்து. சைபீரியாவின் மாநதிகள் வெள்ளக்காலத்தில் அடித்துக்கொண்டு வந்து சமுத்திரத்தில் சேர்க்கும் மரங்கள், பனிக்கட்டிகளோடு ஆண்டுக்கணக்கில் மிதந்து வந்து அவர்கள் கரையில் ஒதுங்கும். அப்படி ஒதுங்கியதைப் பொறுக்கி, நீளவாட்டத்தில் பிளந்து, வளைய வேண்டியதை வளைத்து, ஆணியின்றி மரமுளையாலும் தோல்வாராலும் பிணைத்து, அந்த எலும்புக்கூட்டின் மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தால் கயாக். தைக்கிற வேலை பெண்களுடையது. ஊசி தோலை முழுவதும் ஊடுருவாமல் பாதிக் கனத்தில் நுழைந்து வெளிவரும்படி இரட்டை வரிசையாகத் தைத்து, தையல்வாயில் கொழுப்புப் பூசி, சொட்டு நீர் உட்புகாதபடி செய்த அப்பெண்களின் சாமர்த்தியத்தைக் கயாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏனோ இரண்டாம் வரியிலேயே மறந்துவிடுகிறார்கள். புருஷன் எத்தனை தேர்ந்த வேட்டைக்காரனாயினும் அவன் உயிர் மனைவியின் ஊசிமுனையில் இருந்தது.

அளவுகோல் மனித தேகந்தான். கை இரண்டையும் விரித்த அளவில் இத்தனை மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இத்தனை முஷ்டி சேர்த்த அகலம், மூடிய கையும் நிமிர்த்திய கட்டைவிரலும் சேர்ந்த ஆழம் என்று ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்ட கணக்குகள் வழங்கின. ஆகையால் ஒருவனுடைய கயாக் இன்னொருவனுக்குப் பொருந்துவது அபூர்வம். ஸ்காட்லாந்தின் அபெர்தீன் சர்வகலாசாலையில், 1700ஆம் ஆண்டை ஒட்டி அக்கரையில் வந்து சேர்ந்த இனுயிட் மனிதன் ஒருவனுடைய கயாக் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வந்தவன் சில தினங்களில் இறந்துபோனான். நீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அவனுடைய படகும் வேட்டைக் கருவிகளும் மட்டும் எஞ்சின.

கிரீன்லாந்து வேட்டைக்காரனுடைய புத்தி முழுவதையும் காண விரும்புகிறவர்கள் படகின் மேல்தளத்தைத்தான் பார்க்க வேண்டும். குறுக்கே இறுக்கிக் கட்டிய தோல்வார்களும், அந்த வார்களை மேலே தூக்கி நிறுத்தியும் இறுக்கியும் தளர்த்தியும் வைக்கும் எலும்பு மணிகளும், தந்தத்தில் செதுக்கிய சிறு கொக்கிகளும் சேர்ந்து, அணியத்திலிருந்து அமரம்வரை ஒவ்வோர் உபகரணத்துக்கும் ஓர் இடத்தை நிச்சயித்தன. உட்காருமிடத்துக்கு நேர் முன்னே, குட்டைக் கால்களின் மேல் ஒரு வட்டத்தட்டு நிற்கும். எறியீட்டியோடு பிணைந்த நீண்ட தோற்கயிறு அதில் சுருள் சுருளாக வைக்கப்பட்டிருக்கும். வலக்கைக்கு எட்டும் இடத்தில் ஈட்டியும், ஈட்டிக்கு வேகம் கொடுக்கும் எறிகட்டையும். முதுகுப்புறத்தில், முழுத்தோலாக உரித்துக் காற்றடைத்த கடல்நாய்த் தோற்பை. ஈட்டி பாய்ந்தவுடன் அதன் முனை காம்பிலிருந்து கழன்று, சதைக்குள் குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். தட்டிலிருந்த கயிறு சிக்கின்றி ஓடும். வேட்டைக்காரன் தோற்பையைத் தூக்கி நீரில் எறிவான். பிராணி எவ்வளவு மூழ்கினாலும் பையின் மிதப்பு அதைக் களைக்கச் செய்யும். எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். எறிவதில் ஒரு கணம் தாமதமானாலும், கயிறு ஒரு முழம் கையில் சுற்றிக்கொண்டாலும், காயம்பட்ட பிராணியின் பலம் முழுவதும் படகின் மேல் பாய்ந்து அதைக் கவிழ்த்துவிடும். மேல்தளத்தில் எந்தப் பொருள் எந்த விரற்கடையில் இருக்க வேண்டும் என்பது அவனுக்கு ஜீவமரணப் பிரச்னை.

இவற்றோடு, பனிக்கட்டியில் உராயும் அடிப்பாகத்துக்கும் மூக்குக்கும் எலும்புப் பட்டை வைத்தார்கள். துடுப்பின் நுனிகளுக்கும் ஓரங்களுக்கும் எலும்பால் பூண் கட்டினார்கள். உட்காரும் துளையின் விளிம்போடு தோற்சட்டையின் அடிவிளிம்பை இறுக்கிக் கட்டி, மனிதனும் படகும் ஏகமாகி, கவிழ்ந்தாலும் துடுப்பின் ஒரே வீச்சில் நிமிர்ந்துகொள்ளும்படி செய்தார்கள். கருவியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, துடுப்பு தொலைந்த நிலையில், வெறுங்கையால் என்று இந்த நிமிர்தலுக்கே பல முறைகள் வகுத்துப் பழகினார்கள். இத்தனைக்குப் பிறகும் கயாக்கில் சென்று திரும்பாதவர்களின் தொகை கிரீன்லாந்தில் சிறியதாக இல்லை.

துப்பாக்கி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குக் கிரீன்லாந்தில் அது பரவியபோது, பழைய கயாக் அதற்கு ஏற்றதாக இல்லை. துப்பாக்கியைத் தூக்குவதற்காகத் துடுப்பைக் கீழே வைத்தவுடன் படகின் முகம் காற்றுவாக்கில் திரும்பிவிடும். நனைந்த துப்பாக்கி வெடிக்காது. சற்றுத் தொலைவிலிருந்தே பிராணி ஆளைக் கண்டுகொண்டு மூழ்கிவிடும். இந்த மூன்று சங்கடங்களுக்கும் டென்மார்க்கிலிருந்து பரிகாரம் வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. திரும்பாமல் நிறுத்துவதற்கு அமரத்தின் அடியில் கழற்றி மாட்டக்கூடிய சிறு மரச்செதிள். நனையாமலிருக்க மேல்தளத்தில் நீர்புகாத தோலுறை. மறைந்திருக்க அணியத்தின் மேல் வெள்ளைத்துணித் திரை. எதிரே வருவது மிதக்கும் பனிக்கட்டியென்று கடல்நாய் எண்ணியிருக்க, திரைக்குப் பின்னே மனிதன் மெல்ல நெருங்குவான். கோடையில் கொழுப்புக் குறைந்த கடல்நாய் சுடப்பட்டவுடன் மூழ்கிப்போகும் ஆதலால், பழைய எறியீட்டியையும் தோற்பையையும் விட்டொழிக்கவும் இயலவில்லை. புதிய யுக்தி வந்ததனால் பழைய கருவி இடம்பெயரவில்லை. மேல்தளத்தில் நெரிசல்தான் அதிகமாயிற்று. கயாக்கின் சரித்திரத்தில் இது திரும்பத் திரும்ப நிகழ்வதை வாசகர்கள் காணலாம்.

ஐரோப்பியர் இக்கலத்தைக் கைக்கொண்ட வரலாறு பெரும்பாலும் உல்லாசப் பிரயாணத்தின் வரலாறு. அதில் நமக்கு அதிக வேலையில்லை. ஸ்காட்லாந்து வமிசத்து வக்கீல் ஜான் மக்ரிகர் 1865இல் ‘ராப் ராய்’ என்ற 15 அடி மரப்படகில் ஐரோப்பிய நதிகளில் திரிந்தார். அவருடைய புத்தகத்தைப் படித்த கனவான்கள் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். இதைவிட என்னைக் கவர்வது நார்வே தேசத்து நான்சென் செய்தது. 1888இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்து, கோட்ஹோப் என்ற ஊரில் குளிர்காலம் தங்க நேர்ந்தபோது, அங்குள்ளவர்களிடமே கயாக் செலுத்தக் கற்றார் அவர். 1895இல் யோஹான்சென் என்ற துணைவரோடு வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டபோது, மூங்கிற்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்திய இரண்டு கயாக்குகளைச் சறுக்குவண்டிகளில் இழுத்துச் சென்றார். துருவத்தை எட்டாமல் திரும்பி, திறந்த நீருக்கு வந்தபின், இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிணைத்துப் பாய் விரித்தார்கள். சோழமண்டலக் கரையில் கட்டைகளைப் பிணைத்துக் கடலில் இறங்குகிற மீனவர் அந்த வித்தையைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார். 1896 ஜூன் மாதத்தில் அந்தப் பிணைந்த கயாக்குகள், சகல உணவோடும் ஆயுதத்தோடும், கட்டவிழ்ந்து காற்றில் மிதந்து சென்றுவிட, நான்சென் உறைநீரில் குதித்து நீந்தி அவற்றை மீட்டார். சில தினங்களில் ஒரு வால்ரஸ் தந்தத்தால் அவருடைய கயாக்கைக் குத்திக் கிழிக்க, கரையேறி அதை ஒட்டுப்போட்டார்.

ஜெர்மனியில் ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோஹான் கிளெப்பர், ஆல்பிரட் ஹோய்ரிக் என்ற மாணவர் கண்ட மடக்குப் படகின் உரிமையை 1907இல் வாங்கிப் பெருந்தொழிலாக்கினார். அவ்வகைப் படகொன்றில் 1956இல் டாக்டர் ஹன்னஸ் லிண்டமன் கானரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கை 72 நாளில் தனியே கடந்தபோது, படகு புரளாமலிருக்க அவர் அமைத்த பக்கமிதவை எது தெரியுமா? ஒரு துடுப்பின் நுனியில் கட்டிய மோட்டார் வண்டி டியூபின் பாதி.

பிறந்த மண்ணில் கயாக் அதற்குள் தளர்ந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மேற்குக் கிரீன்லாந்தின் கடல்நீர் வெப்பமடைந்து, கடல்நாய்கள் குறைந்து, காட் மீன் பெருகிற்று. மீன்தொழிலுக்கு மரப்படகும் மோட்டாரும் ஏற்றவையாக இருந்தன. 1980களில் இளைஞர்கள் சங்கம் வைத்து அக்கலையை மீட்டெடுத்தார்கள். வடமேற்கே கானாக் பிரதேசத்தில் மட்டும் நார்வால் வேட்டைக்கு இன்றும் கயாக்கில் சென்று முதலில் ஈட்டியெறியும் வழக்கம் இருக்கிறது. தோலின் இடத்தைக் கித்தான் பிடித்துக்கொண்டது.

மீன்பிடிக்கும் கயாக் மறுபிறவி எடுத்தது வெப்பமான கலிபோர்னியாக் கரையில். 1970களின் தொடக்கத்தில் டிம் நீமியர் என்ற இளைஞர், நீரில் மூழ்கிச் சஞ்சரிப்பதற்கு வேண்டிய காற்றுக்குப்பியை வைப்பதற்காக அலைச்சறுக்குப் பலகையில் குழிதோண்டத் தொடங்கி, அதிலிருந்து உள்ளே நுழையாமல் மேலேயே அமரும் கயாக்கை உருவாக்கினார். பிளாஸ்டிக் தூளை அச்சிலிட்டு, சூடாக்கிச் சுழற்றி, மூட்டில்லாத ஒரே கூடாக வார்க்கும் முறை வந்தபின் இவை மலிந்தன. ஏறிய நீர் தானே வடிய அடிவரை துளைகள் உண்டு, கவிழ்ந்தாலும் மூழ்காது, மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஆயினும் மீனவனுக்கென்று அதில் ஒன்றும் இருக்கவில்லை. வெற்று மேல்தளம் ஒன்று அவனுக்குக் கிடைத்தது; கிரீன்லாந்துக்காரனுக்குக் கிடைத்ததும் அதுவே.

அந்தப் புதிய மீனவன் செய்துகொண்டவை எளியவை. பால் புட்டிக் கூடையின் பக்கங்களில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கட்டினால் தூண்டில் கோல்கள் நிற்கும். கூடையை நீளும் கயிற்றால் இழுத்து மாட்டினால் அலையிலும் அசையாது. மீனின் ஊசிமுள்ளும் தூண்டில் முள்ளும் தொடைக்கருகே கிடப்பதால் அவற்றுக்குத் தனிப்பெட்டி. துடுப்பைக் கைநழுவவிடாமல் ஒரு கயிறு, கோல்களுக்கும் அவ்வாறே. இந்தக் கயிறுகளில்தான் புதியவர்கள் வரம்பு மீறுகிறார்கள். நீரில் விழுந்தவனுடைய காலைச் சுற்றும் கயிறு, தொலைந்த கோலைவிடப் பெரிய நஷ்டம். குறையக் கட்டுவதே விவேகம்.

எல்லாவற்றுள்ளும் சிறந்தது நங்கூரத்துக்காக அவர்கள் கண்ட ஏற்பாடு என்பேன். ஒடுங்கிய படகின் நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால், நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பி, மேற்பக்கத்தில் நீரைக் குவித்துக் கவிழ்த்துவிடும். அணியத்திலோ அமரத்திலோ கட்டினால்தான் படகு ஓட்டத்துக்கு நேராக நிற்கும். ஆனால் அமர்ந்தவனுடைய கை அங்கே எட்டாது. அதற்காகப் படகின் ஒரு பக்கத்தில், முன்னும் பின்னும் ஒவ்வொரு கப்பி வைத்து, அவற்றின் வழியே வளையமாகக் கயிறு ஓட்டி, அக்கயிற்றில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்தார்கள். நங்கூரக் கயிற்றை வளையத்தில் நுழைத்துவிட்டு, மற்றக் கயிற்றை இழுத்தால் வளையம் வேண்டிய முனைக்குத் தானே செல்லும். நங்கூரக் கயிற்றின் நுனியில் ஒரு மிதவையையும் கட்டிவைப்பார்கள். பெருமீன் மாட்டி இழுத்தால் நங்கூரத்தை மிதவையோடு கைவிட்டு மீனின் பின்னே சென்று, பிறகு மிதவையைத் தேடி வந்து எடுத்துக்கொள்ளலாம். முதுகுப்புறத்துத் தோற்பை வெகு காலத்துக்குப் பின் வேறு உத்தியோகம் பெற்றதாகவே இதைக் கருதத் தோன்றுகிறது.

இவற்றைப் பொருத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இக்காலக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிதீனால் ஆனவை; அதில் பசை எளிதில் ஒட்டாது. ஆகவே துளையிட்டு, ரப்பர் வளையம் வைத்து, பின்புறம் எட்டும் இடத்தில் மரையாணியும் எட்டாத இடத்தில் ரிவெட்டும் அடித்து, நீர்புகாப் பசையால் சுற்றிலும் அடைக்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே துளையிடாமலிருப்பது புத்திசாலிகளின் விதி. மனைவியர் கொழுப்புப் பூசி அடைத்த தையல்வாயின் கவலை இங்கே துளைவாய்க்கு மாறியிருக்கிறது.

கம்பெனிகள் இவற்றையெல்லாம் கவனியாமல் இல்லை. 1997இல் ஹோபி கம்பெனி காலால் மிதித்துச் செலுத்தும் இயந்திரத்தைக் கொண்டுவந்தபின் மீன்பிடிப்பவனுக்கு இரு கைகளும் விடுபட்டன. கோல் நிறுத்தும் துளையும், உபகரணம் பொருத்தும் தண்டவாளமும், நாற்காலியும் இப்போது தொழிற்சாலையிலேயே அமைந்து வருகின்றன. அவற்றின் பயனாகப் படகின் எடை சில மாதிரிகளில் ஐம்பது கிலோவைத் தாண்டிவிட்டது. இனுயிட் வேட்டைக்காரன் தலையிலோ தோளிலோ சுமந்து நடந்த கலத்தைக் கடற்கரைவரை உருட்டிச் செல்ல இன்று ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. அந்த வண்டியைப் பலர் தம் வீட்டுக் கொல்லையில் பிளாஸ்டிக் குழாயை அறுத்து, இரண்டு சக்கரம் மாட்டித் தாமே செய்துகொள்கிறார்கள்.