மிதிலை மாதரின் சுவரோவியம்

அரசர் கட்டிய கோட்டைக்கும் கோயிலுக்கும் சரித்திரம் உண்டு. இல்லத்தினுள்ளே மாதர் ஆக்கிய கலைக்குச் சரித்திரம் எழுதுவோர் அரியர். அக்கலை விரைவில் அழிந்துபோதலும், ஆக்கினவர் தம் பெயரைப் பொறியாமையுமே அதற்குக் காரணமாம். இவ்வுண்மையை வடபீகாரைச் சார்ந்த மிதிலை நாட்டு ஓவிய வரலாறு நன்கு விளக்கும்.

மிதிலையில் மணமக்கள் முதன்முதல் தங்கும் அறைக்குக் கோஹ்பர் என்று பெயர். அதன் சுவரில் தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி, ஞாயிறு, திங்கள் முதலியவற்றை எழுதுதல் மரபு. மனை தழைத்து மக்கட்பேறு பெருகுக என்னும் வாழ்த்தே அவற்றின் பொருள். அரிசி மாவும் விளக்குக் கரியும் மஞ்சளும் வண்ணங்கள். மூங்கிற் சிம்பில் சுற்றிய பஞ்சு தூரிகை. தாயே ஆசிரியை, மகளே மாணாக்கி.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அழிவைப் பார்வையிடச் சென்ற வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கில அதிகாரி, இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். 1949-இல் 'மார்க்' என்னும் கலையிதழில் இவற்றைப்பற்றி எழுதினார். அகத்துள் அடங்கியிருந்த கலை, அகம் இடிந்தமையாற் புறத்தார்க்குப் புலனாயிற்று.

பின்னர் 1966-67-இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அகில இந்தியக் கைவினை வாரியத்தார் பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரை அனுப்பி, மாதர்க்குக் காகிதம் அளித்து எழுதுவித்தனர். காகிதம் விலைபோயிற்று, எழுதினவர் பெயரும் அதனுடன் ஊர்கடந்து சென்றது. ஜகதம்பா தேவியார் 1975-இலும், சீதா தேவியார் 1981-இலும், கங்கா தேவியார் 1984-இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். மீனவர் குலத்தவரான துலாரி தேவியார் ஓர் ஓவியர் மனையில் வீட்டு வேலை செய்துகொண்டே இக்கலையைக் கற்றவர். அவரும் 2021-இல் அவ்விருதினைப் பெற்றார். கலைமகள் குலம் நோக்கி அருள்பவள் அல்லள் அன்றோ!

கங்கா தேவியார், பெண்ணொருத்தியின் வாழ்வைப் பிறப்பு முதலாக வரிசைப்படுத்தி எழுதியவர். புற்றுநோயால் வருந்திய காலத்தும், தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு கோஹ்பர் அறையை எழுதி முடித்தார். 1991-இல் மறைந்தார். அவ்வறைச் சுவரோ, 2015-இல் அங்கு நிகழ்ந்த புதுப்பித்தற் பணியில் இடிக்கப்பட்டது. பூகம்பம் இடித்தபோது ஒரு கலை வெளிப்பட்டது. அறிந்தோர் இடித்தபோது ஒரு கலை மறைந்தது. இதனை என்னென்பது!

ஆதலின், நம் சங்கத்துக் குடும்பத்தார் தத்தம் பாட்டியரும் தாயரும் செய்த கைவேலை எதுவாயினும், செய்தவர் பெயரையும் ஆண்டையும் இன்றே குறித்துவைப்பாராக. பேணுதற்கு முதற்படி பெயரறிதலே.