பரம்பரை ஆஞ்சியோஎடிமா: நிர்ப்பீடனக் கலங்களின் மாற்றங்கள்

பெரும்பாலும் 11ஆம் நிறமூர்த்தத்திலுள்ள செர்பிங்1 பரம்பரையலகின் விகாரத்தால் சி1 தடுப்பான் என்னும் குருதிப் புரதம் குறைந்தோ செயலிழந்தோ போக, குருதிக்கலன்களைக் கசியவைக்கும் பிராடிகைனின் மிகுந்து, முகமும் குடலும் குரல்வளையும் அரிப்பின்றி வீங்குகின்ற அரிய நோய் இது. 1888இல் மருத்துவர் வில்லியம் ஒஸ்லர் இதன் பரம்பரைத் தன்மையை விவரித்தார். புரதக் குறைபாடு 1963இல் தெரியவந்தது. ஒவ்வாமையில் மாஸ்ட் கலங்கள் வெளியிடும் ஹிஸ்டமின் இங்கு முதன்மையானதன்று. ஆகையால் அன்டிஹிஸ்டமின் மாத்திரை பயனளிப்பதில்லை, குரல்வளை வீங்கும்போது இதை ஒவ்வாமையெனக் குழப்பிக்கொள்வது உயிரையே பறிக்கக்கூடும். எனினும் வெண்குழியங்கள் வாளாவிருப்பதில்லை: வீக்கம் எழும் வேளையில் நியூட்ரோபில்கள் தூண்டப்படுகின்றன, கிருமிகளை அழிக்க உதவும் நிரப்புப் புரதத் தொகுதியின் ஒழுங்கு குலைவதோடு, பி நிணநீர்க்குழியங்களும் மிகையாகத் தூண்டப்படுவது சிலரில் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுடன் தொடர்புறுத்தப்படுகிறது. கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடும்ப மருத்துவர் ஒருவர் இந்நோயை ஐயுற்றால், முதலில் பார்க்கவேண்டியது மேற்கூறிய நிரப்புப் புரதத் தொகுதியைச் சேர்ந்த சி4 புரதத்தின் அளவாகும். இத்தகைய சோதனைகளுக்கு நாடக்கூடிய, நோயெதிர்ப்பியல் ஆய்வுகூடம் கொண்ட மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் கொழும்பு பொரளையில் உள்ளது.