ஆனையிறவு வாடிவீடு: ஒரு கட்டடத்தின் கதை

கனடாவிலிருந்து அண்மையில் வவுனியா வந்திருந்த என் பள்ளித் தோழர் ஒருவருடன் மாலை வேளையில் வவுனியாக் குளக்கட்டில் உலாவிக்கொண்டிருந்தேன். அங்கே ஆற்றங்கரையில் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து உணவகம் ஆக்கியிருக்கிறார்களாம். பியரையும் அங்கேயே வடிக்கிறார்களாம். அதன் சிறப்புகளை விவரித்து முடித்தவர், "இஞ்சை உப்பிடி ஒரு இடம் இல்லையோ?" என்று கேட்டார்.

"இருந்தது" என்றேன். ஆறு அல்ல, கடல்நீரேரி. பியர் அங்கே வடிக்கப்படவில்லை, மலைநாட்டிலிருந்து வந்தது. கட்டடம் மட்டும் அவர் சொன்னதைவிடப் பழையது. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சுமார் 90 கிலோமீற்றர் தொலைவில் இருந்த ஆனையிறவு வாடிவீட்டைத்தான் சொன்னேன்.

இன்றைய இளைஞர்களுக்கு ஆனையிறவு என்றால் போர்முனை. எங்கள் தலைமுறைக்கு அது முதலில் உப்பளம், பிறகு இறால், அதன் பிறகே முகாம். அதற்கும் முன்னர் அது யானைகளின் வழி. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற இந்த நீரேரியைக் கடந்தே குடாநாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. வன்னிபங்கள் போர்த்துக்கேயருக்கும், பின்னர் ஒல்லாந்தருக்கும் செலுத்திய திறை பெரும்பாலும் யானைகளே. அவை யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டு இந்தியத் துணைக்கண்டத்துக்குக் கப்பலேறின. வழியை வைத்திருப்பவன் வருவாயையும் வைத்திருந்தான். ஆகவே குடாநாட்டின் தெற்கு விளிம்பைக் காக்க ஒல்லாந்தர் வைத்திருந்த சிறு கோட்டைகளுள் ஒன்று ஆனையிறவில் இருந்தது.

ஆங்கிலேயர் வந்ததும் அந்தக் காவலுக்குத் தேவை இல்லாது போயிற்று. அவர்களுக்கு வேண்டியது வீதியும், வீதியில் செல்லும் அதிகாரி இரவில் தங்க ஓர் இடமும். இலங்கை முழுவதும் நெடுஞ்சாலைகளில் வாடிவீடுகள் எழுந்தன. வவுனியாவிலும் ஒன்று இருந்தது. ஆனையிறவிலோ புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒல்லாந்தரின் கோட்டையே காலப்போக்கில் வாடிவீடாக மாற்றப்பட்டது.

அந்தக் காலப் பயணம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி லெனாட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவரான இவர், 1905 ஜனவரியில் இளம் அதிகாரியாக யாழ்ப்பாணம் சென்றார். வடபகுதிப் புகையிரதப் பாதை அப்போது முழுமையடையவில்லை. அநுராதபுரம் வரை புகையிரதம். அங்கிருந்து வன்னிக் காட்டினூடாக ஆனையிறவு வரை தபால் மாட்டுவண்டி. வண்டியில் கிடந்த தபால் மூட்டைகளின்மேல் பயணிகள் படுத்துச் சென்றதை அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாதை இணைக்கப்பட்டதும் அந்த வண்டிப் பயணம் வரலாறாகிவிட்டது.

1970களில், பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த காலத்தில், மூத்த செய்தியாளர் ஒருவருடன் அந்த வாடிவீட்டில் நான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். தடித்த சுவர்கள் நடுப்பகல் வெயிலை வெளியே நிறுத்தியிருந்தன. சோறும், நீரேரி இறாற் குழம்பும், முருங்கைக்காய்க் கறியும் வந்தன. மூத்தவர் தமக்கு ஒரு பியர் சொன்னார். அது நுவரெலியாவில் வடிக்கப்பட்டது. 1840களின் இறுதியில் அங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரோடு தொடங்கியது அந்தத் தொழில். பின்னர் அது களனி ஆற்றை அண்டிய பியகமவுக்குப் பெயர்ந்தது. 2016 மே வெள்ளத்தில் ஆறு அந்த வடிசாலைக்குள்ளேயே புகுந்து, நாட்டில் பியர் தட்டுப்பாட்டை உண்டாக்கியது. ஆற்றங்கரை வடிசாலைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் நாங்கள் இருந்த அதே வேளையில், எங்கள் மண்ணின் பானம் வேறிடத்தில் வேறு விதமாக ஊற்றப்பட்டது. பனையில் முட்டி கட்டி இறக்கிய கள்ளுக்கு வடிசாலை தேவையில்லை. இறக்கும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, கருப்பநீராகும். கள் பனையோலைப் பிளாவில் குடிக்கப்பட்டது, தவறணையில் விற்கப்பட்டது. 'தவறணை' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. கோட்டை உணவகமாகியது போலவே அயல்மொழிச் சொல்லும் எங்கள் மொழியில் வீடு கட்டிக்கொண்டது.

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த வாடிவீடு எல்லோருக்குமான இடமாக இருக்கவில்லை. உணவகங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் 1960களின் இறுதியிலும் வடக்கில் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்காகப் போராட வேண்டியிருந்தது. பனையேறியவர் இறக்கிய கள்ளை வாங்கிக் குடித்த சமூகம், அவருக்குக் கிளாசில் தேநீர் கொடுக்க மறுத்தது. பழைய கட்டடங்களை எண்ணிப் பெருமூச்சு விடும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிறகு போர் வந்தது. 1991 ஜூலையில் ஆனையிறவுத் தளம் மீது புலிகள் தாக்குதல் தொடுத்தபோது, வாடிவீட்டுப் பகுதி ஒரு காவல் முகாம். யானை வழியைக் காக்க எழுந்த சுவர்கள் மீண்டும் காவலரண் ஆயின. 2000 ஏப்ரலில் தளம் புலிகள் வசமாயிற்று. 2009 ஜனவரியில் இராணுவம் அதை மீளக் கைப்பற்றியது. வாடிவீடு போரோடு அழிந்தது. இப்போது அவ்வழியே செல்வோர் காண்பது போர் நினைவுச் சின்னங்களை.

கொழும்புக் கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் மருத்துவமனையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் அதுவும் சேதமடைந்தது. ஆனால் அது திருத்தப்பட்டு, 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது. இன்று வெளிநாட்டவர் அதன் முற்றத்தில் அமர்ந்து நண்டு உண்கிறார்கள். நானும் உண்டிருக்கிறேன், சுவையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தடித்த சுவரில் கை வைத்தபோது எனக்கு ஆனையிறவுதான் நினைவுக்கு வந்தது. இரண்டையும் எழுப்பியவர்கள் ஒரே நாட்டவர். இரண்டையும் உலுக்கியது ஒரே போர். ஒன்று உணவகமாக மீண்டது, மற்றது ஒரு பெயராகக்கூட மிஞ்சவில்லை.

எல்லாவற்றையும் மீளக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வன்னியில் வீடிழந்தவனின் கூரை முதலில் வர வேண்டும். ஆனால் ஒரு கட்டடத்தை நாளை எவரேனும் மீட்க விரும்பினால், அது எப்படி இருந்தது என்பது தெரிய வேண்டும். அது நீரேரிக் கரையில் நின்றதைக் கண்ட எங்கள் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.

தோழரிடம் இதைத்தான் கேட்டேன். 1960களிலும் 70களிலும் யாழ்ப்பாணம் போகும் வழியில் அங்கே காரை நிறுத்தி நிழற்படம் எடுத்த குடும்பங்கள் பல இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கின்றன. அலுமாரியில் கிடக்கும் பழைய அல்பங்களைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் அதற்கப்பால் நீரும் தெரிந்தால், அந்தப் படத்தின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

தோழர் ஊர் திரும்பி மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அக்காவின் அல்பத்தில் ஒரு படம் இருக்கிறதாம். சுவர் பாதிதான் தெரிகிறதாம். பாதியாவது இருக்கிறதே என்றேன்.